எனக்கு மட்டும் அவள் ஆட்டம் சொல்லவில்லை

என் ஓரகத்தி ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எந்த ஆட்டம் சரிப்படும் என்று சொல்லிவிடுவாள். ஆட்டம் என்றால் டிவியில் ஆடுவது. இப்போது பிள்ளைகள் செல்போனில் ஆடுகிறார்களே, அதற்குப் பாட்டன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது பிரான்சுக்குப் போன் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். அந்தப் பெருமை அவளுக்கு வேண்டாம்.

என் வீட்டுக்காரரின் தம்பி சொல்தாவாகப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளம் முடிந்தபிறகு அங்கேயே ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். எண்பதுகளின் நடுவில், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்த வீட்டுக்கு மேல் மாடி கட்ட வேண்டுமென்று மனைவியை மட்டும் அனுப்பி வைத்தார். அவள் பெட்டி படுக்கையோடு ஒரு கலர் டிவியையும், டைப் அடிக்கும் மிஷின் போல ஒன்றையும் கொண்டு வந்து இறங்கினாள். எங்கள் ஊர் டிவியில் அந்த மிஷினை மாட்டினால் படம் சரியாக வராதாம். அதனால் அங்கேயிருந்து டிவியையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். மனிதர்கள் கோடாலித்தைலமும் சோப்பும் கொண்டு வருவார்கள். இவள் இதைக் கொண்டு வந்தாள்.

மிஷின் மகனுக்காக வாங்கியது. மகன் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டதும் அம்மா எடுத்துக்கொண்டாள். புருஷன் ராத்திரிக் காவலுக்குப் போய்விட, பனிக்காலத்தில் ஜன்னலைத் திறக்கக்கூட முடியாத வீட்டில், ஆடி ஆடியே கற்றுக்கொண்டாளாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் கேட்டும் கேட்காதது போல அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன்.

ஆட்டமெல்லாம் கேஸட்டில் இருக்கும். பாட்டுக் கேஸட் மாதிரியேதான். உள்ளே போட்டால் தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வரும். உலை கொதிக்கிற நேரம் பொறுத்திருந்தால் படம் வரும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து கீற வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவளிடம் முதலில் மாட்டிக்கொண்டவர் மீன்காரம்மா. கருக்களாச்சேரியிலிருந்து கூடையோடு வருபவர், கூடத்தில் டிவியைப் பார்த்து நின்றுவிட்டார். ஓரகத்தி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உங்களுக்குத் தாவுற ஆட்டம்தான் அக்கா. உள்ள வாங்க."

"கையெல்லாம் மீனு. நான் எங்கேருந்து வர்றது."

"கழுவிக்கிட்டு வாங்க. கூடையோட அலையில கால் வைக்கிறவங்களுக்கு எப்ப எடுத்து வைக்கணும்னு கால் சொல்லும். அதுதான் வேணும் இதுக்கு."

திரையில் ஒரு குள்ளன். பலகைக்குப் பலகை தாவ வேண்டும், நடுவில் பள்ளம். மீன்காரம்மா மிஷினில் செருகியிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குள்ளன் தாவும்போதெல்லாம் தானும் இடுப்பைத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தார். விழுந்தபோதெல்லாம் அவனைத் திட்டினார். "போடா, ஒங்கப்பன் கட்டுமரத்த எவன் ஓட்டுவான்." ஆனால் ஒரு வாரத்தில் ஆட்டத்தில் எங்கள் தெருவில் யாரும் எட்டாத கட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போது சங்கரா மீன் கூடையின் மேலாக வரும். ஆனால் அது ஓரகத்தியின் கைக்குப் போகும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவரிடம் மீன் வாங்குகிறவள். எனக்கு ஒரு நாள் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தாவுகிற கேஸட் அவளிடம் நாலைந்து இருந்தன. ஒன்றைத்தான் எல்லோருக்கும் சொல்வாள். மற்றதைத் தொட விடமாட்டாள். "அது ஏமாத்துற ஆட்டம்" என்பாள். "விழுந்தா நம்ம தப்பா இருக்கணும். ஆட்டத்தோட தப்பா இருக்கக் கூடாது. இதுல விழுந்தா நம்ம அவசரம். அதுல விழுந்தா செஞ்சவன் சோம்பேறித்தனம்." இட்லி மாவைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு சாதாரணமாகப் பேசுவாள். கேட்கிறவர்களுக்கும் ஏதோ புரிந்த மாதிரி தலை ஆடும்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு வேஷ ஆட்டம். அந்தம்மா கல்யாணமாகி வந்தபிறகு பக்கத்திலிருக்கிற பூவம் தாண்டிப் போனதில்லை. அவ்வளவு தூரமும் போனது ஒரு சாவுக்கு. ஓரகத்தி அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள்.

"இதுல ஊரு ஊரா போவலாம் பெரியம்மா. நீங்க ஒரு வேஷம் எடுத்துக்கணும். வீரனா போறீங்களா, மந்திரக்காரியா போறீங்களா?"

"சமையக்காரி உண்டா?"

"இல்லியே."

"அப்ப மந்திரக்காரி. அதுவும் சமைக்கிற மாதிரிதான்."

அந்த ஆட்டம் முழுக்க எழுத்து. பிரெஞ்சு எழுத்து. ஓரகத்தி படித்துத் தமிழில் சொல்வாள், எதிர்வீட்டம்மா பதில் சொல்வார், இவள் தட்டி விடுவாள். நான் பஸ் போர்டைப் படிப்பேன், ரேஷன் கார்டில் என் பெயர் எது என்று தெரியும். அவ்வளவுதான் நம் படிப்பு. அவள் அந்த வெளிச்ச எழுத்தை மளமளவென்று படிக்கும்போது நான் அடுப்படியில் இருந்துவிடுவேன். ஆனால் காது கூடத்தில் இருக்கும்.

ஒரு தடவை காட்டு வழியில் ஓர் ஆள் குடிசைக் கதவைத் தட்டினான். "என்ன செய்றீங்க பெரியம்மா? கதவைச் சாத்தலாம், கத்திய எடுக்கலாம், உள்ள கூப்புடலாம்."

"வந்தவனை வாங்கன்னு சொல்லாம எப்புடி. உள்ள கூப்புடு. தண்ணி குடு. சாப்டானான்னு கேளு."

கூப்பிட்டார்கள். அவன் மூட்டை முடிச்சையெல்லாம் பறித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் முதலிலிருந்து ஆடி அதே குடிசைக்கு வந்தார்கள். அதே ஆள் தட்டினான். எதிர்வீட்டம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேத்தைக்கு வெறுந்தண்ணிய குடுத்தோம், அதான் கோவம். இன்னைக்கு மோர் குடு" என்றார். ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முன்னால் சிரிக்கக் கூடாதென்று கொல்லைக்குப் போய்விட்டேன்.

இப்படி வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் ஆட்டம் சொன்னாள். பால்காரருக்குச் சொன்னாள், மாடி கட்ட வந்த மேஸ்திரிக்குச் சொன்னாள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒருநாள் மீன்காரம்மா என்னை வைத்துக்கொண்டே, "ஒங்க அக்காவுக்கு என்ன ஆட்டம்?" என்று கேட்டார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அக்காவுக்கு இதெல்லாம் எதுக்கு. அவங்களுக்கு ஆயிரம் வேலை" என்றாள். அன்று வாங்கிய மத்தி எனக்கு ருசிக்கவில்லை.

இதற்கே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் என் வீட்டுக்காரருக்கும் ஒன்று சொன்னாள்.

அவர் பேச்சு என்பதே இல்லாத மனிதர். விழிதியூரில் எங்கள் நிலம். காலையில் போவார், மத்தியானம் வருவார், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சொல்ல மாட்டார், இருந்தாலும் சொல்ல மாட்டார். ஓரகத்திக்கு அவர் மூத்தார் முறை. எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. பாரீஸில் அவள் ஆண்களோடு இடித்துக்கொண்டு ரயிலில் நின்று போகிறவள்தான். இங்கே வந்ததும், அவர் வாசலில் ஒரு செருமல் செருமினால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். அதில் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்வாள். அவரும் அப்படியே.

"அக்கா, அத்தானுக்குப் படை ஆட்டம்னு சொல்லுங்க" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "அது காத்துக்கிட்டு இருக்கும். ஒருத்தரு ஆடிட்டு எழுந்து போயிடலாம். அப்பறம் மத்தவங்க வந்து ஆடிக்கலாம். எதிர் எதிர்ல உக்கார வேணாம்."

அவர் வேண்டாமென்று சொல்வார் என்று நினைத்தேன். "எப்புடியாம்?" என்றார்.

பச்சைக் கட்டங்கள். நடுவில் ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம். இந்தப் பக்கம் இவர் படை, அந்தப் பக்கம் அவள் படை. குதிரை, வில், காலாள். படைக்குப் பின்னால் மாட்டு வண்டி மாதிரி இரண்டு. இவர் ஆடிவிட்டுக் கொல்லைப் பக்கம் போவார். நான் போய், "ஆடியாச்சாம்" என்பேன். அவள் வந்து ஆடிவிட்டு உள்ளே போவாள். நான் கொல்லைக்குப் போய், "ஆடியாச்சாம்" என்பேன். சாயங்காலம் எங்கே நின்றதோ அதை அவள் கேஸட்டில் பதிந்து வைத்து மறுநாள் எடுப்பாள்.

முதலில் இந்த ஒரு வார்த்தையைத்தான் சுமந்தேன். பிறகு மூட்டை பெருத்தது.

"அத்தான் குதிரைக்கு வயசாயிட்டுதான்னு கேளுங்க அக்கா. ரெண்டு நாளா நின்ன எடத்துலயே நிக்கிது."

கொல்லைக்குப் போய்ச் சொன்னேன். அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "குதிரை மேயுதுன்னு சொல்லு. பசியாறினதும் வரும்."

உள்ளே வந்து சொன்னேன். அவள் சிரித்தாள். "மேய்ச்சல்ல இருக்க குதிரைய ஓட்டிக்கிட்டுப் போறது சுலபம்னு சொல்லுங்க."

சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணல் என்பதை அன்றைக்கு வெயிலில் நன்றாகப் பார்த்தேன். அவர் சிரிப்பதற்கான வார்த்தையை என் வாயால்தான் சொன்னேன். ஆனால் அது என் வார்த்தை இல்லை. அந்த எரிச்சல் எப்படியென்று சொல்லத் தெரியவில்லை. இன்னொருத்தி கட்டிய பூவை நம் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாசனை நல்லா இருக்கா என்று நின்று கேட்பது மாதிரி.

பிறகு அவர் சாப்பிடும்போது யோசித்தார். வயலில் யோசித்தார். ஒருநாள் மடையை அடைக்க மறந்துவிட்டு வந்தார். ஓர் ஆண் நாள் முழுக்க இன்னொரு பெண் அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்கிறார், அதுவும் எல்லோருக்கும் தெரிய. தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லையே. எனக்கோ முகத்தைப் பார்த்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஒருநாள் அவர் ஜெயிக்கிற சமயம் கரண்ட் போய்விட்டது. பதியாமல் விட்ட ஆட்டம், அழிந்துபோனது. "நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். "நான் என்ன தபால்காரியா."

இரண்டு நாள் நான் எதையும் சுமக்கவில்லை. கூடத்தில் டிவி துணி போர்த்திக் கிடந்தது. அவர் கதவுக்குப் பக்கத்தில் வந்து செருமுவார். அவள் உள்ளே வளையலைக் குலுக்குவாள். அதற்குமேல் இருவருக்கும் வழியில்லை. மூன்றாம் நாள் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கல்யாணமான நாள் முதல் அவர் அங்கே வந்து நின்றதில்லை.

"கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்து போகவர டிவியைப் பார்க்க ஆரம்பித்தேன். சும்மா சுமக்கிறோமே, என்னதான் சுமக்கிறோம் என்று பார்ப்போமே.

பார்த்தால் புரிந்தது. எழுத்தில்லாத ஆட்டம் அது. இரண்டு பேரும் குதிரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பின்னால் நிற்கும் வண்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்.

"அந்த வண்டி எதுக்கு நிக்கிது?"

"அது சோத்து வண்டி. அது கிட்டத்துல இருந்தாத்தான் படைக்குத் தெம்பு."

"அவ வண்டி எங்க நிக்கிது?"

"ஆத்துக்கு அந்தாண்ட. எல்லாத்துக்கும் பின்னாடி."

"அப்ப அவ குதிரைய அடிக்காதீங்க. பாலத்தத் தாண்டி இந்தாண்ட வரட்டும், விட்டுடுங்க. வந்ததும் பாலத்த மறிச்சுக்கிட்டு நில்லுங்க. வண்டி அந்தாண்ட, வாயி இந்தாண்ட. எத்தனை நாளைக்கு நிப்பாங்க?"

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வீட்டில் எத்தனையோ கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தி விசாரித்தவள் நான். சோறு எங்கே நிற்க வேண்டும், வாய் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் அப்படியே ஆடினார். அவள் குதிரைகள் பாலத்தைத் தாண்டி ஜோராக வந்தன. அன்று சாயங்காலம் அவளிடமிருந்து நாலு கிண்டல் வந்தது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சுமந்துபோய்ச் சொன்னேன், சந்தோஷமாகவே. மறுநாள் இவர் பாலத்தை மறித்தார். அவள் வந்து உட்கார்ந்தாள். பாலத்துக்கும் வண்டிக்குமாகக் கண்ணை ஓட்டினாள். கடைசியில், "ஆடிட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தை எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா.

அதன்பிறகு அவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார், கிணற்றடியில் கேட்டார். "இப்ப என்ன பண்ணலாங்கற?" கடைசி நாளில், ஐப்பசி மழை பிடித்திருந்தது, "நீயே வந்து காட்டு" என்று பாயில் இடம் விட்டார். பகல் வேளையில் நாங்கள் ஒரே பாயில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் விரலால் காட்டினேன், அவர் தட்டினார். உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. பின்னால் அவள் நிற்பது தெரியும்.

திரை முழுக்கச் சிவப்பாகி நடுவில் எழுத்து வந்தது. எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவளே படித்துச் சொன்னாள். "உங்க பக்கம் ஜெயிச்சாச்சுன்னு போட்டுருக்கு அக்கா."

நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டேன். அவர் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "அது விட்டுக் குடுத்துட்டுது" என்றார்.

அந்தப் பெண் தோற்றால்கூட அவளுக்குத்தான் பேரா? நேரே கொல்லைக்குப் போனேன். உள் அறையிலிருந்து அதற்குள் அங்கே வந்து, தாழ்வாரத்தில் ஈரத்துணிகளைக் கொடியில் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, விட்டுக் குடுத்தியா?"

"எதுல?"

"உங்க அத்தான் சொல்றாங்க, நீ விட்டுக் குடுத்தேன்னு."

அவள் ஒரு துணியைப் பிழிந்தாள். "பெத்த புள்ளைக்கே விட்டுக் குடுத்தது இல்ல அக்கா நான். அத்தான் அப்படித்தான் சொல்லுவாங்க. ஜெயிச்சது அவங்க இல்ல பாருங்க."

"அப்ப அது யாரு ஆடினதுன்னு உனக்குத் தெரியும்."

"பாலத்த மறிச்ச அன்னைக்கே தெரியும். அத்தானுக்கு அந்தப் புத்தி கிடையாது. அவங்க நல்லா ஆட மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் அவங்களுக்குச் சொன்னேன்."

நான் கேட்கக் கூடாதென்று அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஊருல எல்லாத்துக்கும் சொன்ன. எனக்கு ஏன் சொல்லல?"

அவள் துணியைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவினாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குப் புடிச்சது அந்தப் படை ஆட்டம் ஒண்ணுதான் அக்கா. மத்ததெல்லாம் பொழுது போக. அது உங்களுதுன்னு நான் வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. இருட்டுலயும் கடுகு டப்பாவ எட்டி எடுக்குறீங்க. நான் என் வீட்டுல உப்பு எங்கன்னு தேடறவ. அங்க என்னய எதுத்து ஆட ஒரு ஆளு கிடையாது. இங்க வந்தும் எல்லாத்துலயும் உங்களுக்குக் கீழதான் நிக்கணுமா? அதான் சொல்லல. சொல்ல மனசு வரல."

அவள் அடுத்து எடுத்த புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக மீதித் துணியையும் போட்டோம்.

கூடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி, "என்ன சொல்லிச்சு?" என்றார்.

"துணி காயலையாம்" என்றேன்.